வழக்குரையும் வசன இசைத்தட்டும்: வன்னிக் கேட்போரை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

1

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதனைக் கண்ணாற் காணப்படும் கலையாகவே கொண்டு நோக்குகின்றன. காட்சியமைப்பு, நடிகரின் தோற்றம், திரையரங்கு, இரசிகர் மன்றம் ஆகியவையே அவற்றின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின் வன்னிப் பெருநிலப்பரப்பின் கிராமங்களைப் பொறுத்தவரை, திரைப்படம் காணப்பட்டதிலும் பார்க்க மிகுதியாகக் கேட்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. திரையரங்கு நகரத்திற்குரியது, கட்டணம் செலுத்துவோர்க்குரியது. ஒலிபெருக்கியும் வானொலியும் வயலையும் கோயில் வீதியையும் எட்டின. அவ்வாறு எட்டிய ஒலியின் மூலப்பொருளாக அமைந்தது இசைத்தட்டு. பேச்சுவழக்கில் ‘றெக்கோட்’ என வழங்கிய இப்பொருள் நமது இலக்கிய வரலாற்றிலோ கலை வரலாற்றிலோ இன்றுவரை உரிய இடத்தைப் பெறவில்லை.

திரைப்பட இசைத்தட்டுகளுள் ஒரு குறிப்பிட்ட வகையினை, அதாவது படத்தின் கதையையும் உரையாடலையும் தாங்கிய வசன இசைத்தட்டினை எடுத்துக்கொண்டு, அதன் தோற்றத்திற்கான பொருளியல் அடிப்படை யாது, அதன் கலைவடிவம் எத்தகையது, கண்ணகி வழிபாடும் கூத்துமரபும் உயிர்ப்புடன் விளங்கும் வற்றாப்பளை போன்றதொரு கிராமத்துக் கேட்போருக்கு அது என்ன பொருளைத் தந்திருத்தல் கூடும் என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டினைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் அவசியமாகும். மேலைநாடுகளில் ‘திரைப்பட ஒலித்தடம்’ இசைத்தட்டாக வெளிவரும்போது, அது பெரும்பாலும் பின்னணி இசையினையே குறித்தது. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ வைற்’ படப் பாடல்கள் 1938 இல் படத்தின் ஒலித்தடத்திலிருந்தே இசைத்தட்டுகளாக வெளியாயின. 1942 இல் ‘ஜங்கிள் புக்’ படத்திற்கு மிக்லோஷ் ரோசா அமைத்த வாத்திய இசை, கதை கூறும் குரலுடன் தட்டுகளாயிற்று. பின்னர் கதைகூறும் குரல் நீங்கிப் பல்லிய இசை மட்டுமே தனித்து விற்கப்படும் பண்டமாக வளர்ந்தது. தமிழில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பின்னணி இசை தனிப் பண்டமாகவில்லை. பாடல் பண்டமாயிற்று, பின்னர் பேச்சே பண்டமாயிற்று. சொல்லுக்குத் தரப்பட்ட இம் முதன்மை தற்செயலானதன்று. அதன் காரணங்களைத் தமிழ்ச் சமூகத்தின் அரங்க மரபிலும், இருபதாம் நூற்றாண்டில் மேடைப் பேச்சு அரசியல் ஆயுதமான வரலாற்றிலும் தேடுதல் வேண்டும்.

2

கலைவடிவம் வானிலிருந்து இறங்குவதில்லை. அதற்கு ஓர் உற்பத்திச் சாதனமும், அச்சாதனத்தை உடைமையாகக் கொண்ட வர்க்கமும் உண்டு. பிரித்தானிய மூலதனத்தின் வழிவந்த கிராமபோன் கம்பனி 1908 இல் கல்கத்தாவின் சியால்டாவிலும், பின்னர் 1928 இல் டம்டமிலும் தொழிற்சாலை அமைத்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சேகரித்த அரக்கே உலகின் இசைத்தட்டுத் தொழிலுக்குப் பெரும்பகுதி ஆதாரமாயிருந்தது. காட்டில் கிளை வெட்டியவரின் உழைப்பு, டம்டம் தொழிலாளியின் உழைப்பு, சென்னைப் பாடகரின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒரு தட்டிற் படிந்து கிடந்தன. கேட்பவரின் காதில் விழுந்தது மூன்றாவது மட்டுமே. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும் என மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியே பதியும். இப் பௌதிக எல்லை கலையின் எல்லையும் ஆயிற்று. தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 இல் வெளியாவதற்கு முன்னரே நாடகப் பாடல்கள் தட்டுகளாக விற்பனையாகிக்கொண்டிருந்தன. நாடக மேடை, இசைத்தட்டு, திரைப்படம் ஆகியன ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தமையைத் தியடோர் பாஸ்கரன் தமது ஆங்கில நூலில் (1981) எடுத்துக்காட்டியுள்ளார். தமிழ்த் திரைப்படம் பாடல்மயமாக அமைந்தமைக்கு இசைத்தட்டு வணிகம் ஒரு முன்னிபந்தனையாக இருந்ததை ஸ்டீபன் ஹியூஸ் 2007 இல் வெளியிட்ட கட்டுரை விரிவாக ஆராய்கின்றது. திரைப்படத்திலிருந்து இசைத்தட்டுப் பிறந்தது என்ற பொதுவான எண்ணம் இவ்வகையிற் பாதி உண்மையே. இசைத்தட்டுச் சந்தையும் திரைப்படத்திற்கு வடிவம் கொடுத்தது.

1948 இல் ஐக்கிய அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் அறிமுகம் செய்த, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் வைனில் தட்டு இந்நிலையை மாற்றியது. ‘எல்.பி.’ என வழங்கிய இப் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கும் மேலான ஒலியைத் தாங்க வல்லது. அரக்கிற்குப் பதிலாகப் பெற்றோலிய இரசாயனத் தொழிலின் விளைபொருள் பயன்பட்டது. மூன்று நிமிடத் தட்டிற்குப் பாடலே ஏற்றது. நாற்பது நிமிடத் தட்டு கதையைத் தாங்கும். படத்தின் முக்கிய உரையாடல்களைத் தொகுத்து, பாடல்களை இடையிட்டு, ஒரே தட்டில் அளிக்கும் கதைவசன இசைத்தட்டு பரவுவதற்கு வேண்டிய தொழில்நுட்ப அடிப்படை இதுவே.

தொழில்நுட்பம் சாத்தியத்தை மட்டுமே தரும். தேவை சமூகத்திலிருந்து எழவேண்டும். ‘கண்ணகி’ (1942) படத்திற்கு இளங்கோவன் எழுதிய இலக்கியச் சாயலுள்ள வசனம் தமிழ்த் திரையுரையாடலில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகின்றது. கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’ (1952) அதன் அரசியல் உச்சம். அப்படத்தின் நீதிமன்ற உரை, படத்திலிருந்து பிரிந்து மனனம் செய்யப்படும் தனியுருப்படியாக வாழ்ந்தது. மேடையில் பேச்சைக் கேட்டுப் பழகிய ஒரு சமூகம் திரைப்பேச்சினையும் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பிற்று. வசன இசைத்தட்டு நிறைவேற்றிய தேவை அது.

3

வசன இசைத்தட்டினைத் திரைப்படத்தின் சுருக்கமாகக் கொள்வது தவறு. அது தனக்கென ஓர் அமைப்பினையுடைய ஆக்கம். இரண்டரை மணி நேரத்திற்கும் மேற்பட்ட படத்தை நாற்பது, ஐம்பது நிமிடங்களாகக் குறைக்கும்போது எஞ்சுவது எது? மௌனம் எஞ்சாது, முகபாவம் எஞ்சாது, சண்டையும் நடனமும் எஞ்சா. வாதம் எஞ்சும். அஃதாவது, ஒருவர் மற்றவரிடம் கேள்வி கேட்பதும், மற்றவர் விடையிறுப்பதும், குற்றஞ்சாட்டுவதும், மறுப்பதும் ஆகிய பகுதிகளே காட்சியின் துணையின்றி நிற்க வல்லவை. எனவே வசன இசைத்தட்டு இயல்பாகவே வழக்காடும் வடிவத்தை நோக்கி நகர்கின்றது.

ஏ. பி. நாகராஜன் எழுதி இயக்கி, நக்கீரராகவும் நடித்த ‘திருவிளையாடல்’ (1965) இதற்கு நல்ல உதாரணமாகும். படத்தின் கருத்தியல் ஐயத்திற்கிடமின்றிப் பக்தியைச் சார்ந்தது. இறைவன் இறுதியில் வெல்கிறான். குற்றங்கண்ட புலவன் பணிகிறான். ஆனால் அப்படத்தின் ஒலிவடிவத்தில் மக்கள் விரும்பிக் கேட்டவை எவை என நோக்கின், வறிய தருமி இறைவனிடம் கேள்வி கேட்கும் பகுதியும், நக்கீரர் இறைவனோடு வாதிடும் பகுதியுமே முதலிடம் பெறுகின்றன. நாகேஷின் குரலில் ஒலிக்கும் தருமி, பொற்காசுக்காகப் பாட்டை நாடி நிற்கும் ஏழை. அவன் நகைச்சுவைப் பாத்திரமாக அமைக்கப்பட்டுள்ளான். ஆயினும் காட்சி நீங்கியபின் எஞ்சும் குரலில், பசியின் அவசரமும் கற்றோர் சபையைக் கண்ட அச்சமும் துலக்கமாகக் கேட்கின்றன.

இங்கு ஊடகத்தின் பண்பொன்று கருத்தியலுக்கு எதிராகச் செயற்படுகின்றது. திரையரங்கில் கதை முடிவை நோக்கிச் செல்லும், முடிவே தீர்ப்பு. இசைத்தட்டில் ஊசியைத் தூக்கி மீண்டும் வேண்டிய இடத்தில் வைக்கலாம். நக்கீரர் எரிபட்டபின்னும் அவரது மறுப்பு மறுபடியும் ஒலிக்கும். முடிவின் அதிகாரம் குன்றுகின்றது. வாதத்தின் இன்பம் வளர்கின்றது. பக்திப் படத்தின் தட்டினைக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட உழவன், இறைவனை எதிர்த்துக் குற்றங்கூறும் குரலையே மனப்பாடம் செய்துகொண்டான் எனின், அது முரண்பாடு மட்டுமன்று. மக்கள் கலையை ஏற்கும் முறைமை பற்றிய பாடமுமாகும்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. வசன இசைத்தட்டின் வழக்காடல் தனிமனிதனின் நாவன்மையிலேயே நம்பிக்கை வைக்கின்றது. நீதி கிடையாமைக்குக் காரணம் சமூக அமைப்பன்று, உண்மை இன்னும் தக்க சொற்களால் உரைக்கப்படவில்லை என்பதே அதன் உட்கிடை. தக்க சொல் வந்ததும் அவை தலைகுனிகின்றது. நாவன்மை அதிகாரத்தை வெல்லும் என்ற இக்கனவு, பேச்சின் வழியே ஆட்சியை அடைந்த ஓர் அரசியல் இயக்கத்தின் அனுபவத்தோடு பொருந்துவது. ஆயின் நிலமற்ற கூலிவிவசாயியின் அனுபவத்தோடு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

4

இனி இத்தட்டுகள் கேட்கப்பட்ட சூழலுக்கு வருவோம். இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் 1952 இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரையிசையைப் பெரும்பாலும் ஒதுக்கியபோது, அவ்வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு. 1957 இல் இந்தியா விவித்பாரதியைத் தொடங்கியபின்னும் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பிற்குத் தென்னிந்தியாவில் பெருங்கேட்போர் திரள் இருந்தது. சென்னையில் உருவான ஒலி கொழும்பு வழியாகச் சென்னைக்கே திரும்பிற்று. தமிழ்த் திரையிசைச் சுவையின் உருவாக்கத்தில் ஈழம் வெறும் நுகர்வோராக இருக்கவில்லை. தேர்ந்தெடுத்து விநியோகிக்கும் மையமாகவும் இருந்தது. 1967 இல் கூட்டுத்தாபனமாகிய இந்நிறுவனத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம் ஆய்வுலகத்தால் இன்னும் முறையாகப் பயன்படுத்தப்படாத ஆவணத் தொகுதியாகும்.

வானொலியோடு ஒப்ப வலிமை பெற்றது ஒலிபெருக்கி. கிராமத்து உழவன் இசைத்தட்டினை விலைகொடுத்து வாங்கும் நிலையில் இருக்கவில்லை. தட்டு ஒலிபெருக்கி வாடகைக்காரரின் கையில் இருந்தது. திருமணம், பூப்புநீராட்டு, திருவிழா ஆகியவற்றுக்கு அவர் தமது கருவிகளையும் தட்டுப்பெட்டியையும் கொண்டுவருவார். இதன் பொருளியல் பொருள் கவனத்திற்குரியது. நகரத்து நடுத்தரவர்க்க இல்லத்தில் இசைத்தட்டு நுகர்பொருள். கிராமத்து ஒலிபெருக்கிக்காரருக்கோ அது உற்பத்திச் சாதனம், தேய்மானமுள்ள மூலதனம். ஒவ்வொரு முறையும் ஊசி அதன் பள்ளத்தைத் தேய்த்தது. ஒரு தட்டு, ஊர் முழுவதும் கேட்டது. இசைத்தட்டு நிறுவனம் எண்ணிய தனியுடைமை நுகர்வு இங்கு கூட்டுக் கேட்டலாக மாறிற்று.

1938 இல் அடோர்னோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பண்டமாகிய இசை கேட்போரின் செவியைப் பின்னடையச் செய்கின்றது என வாதிட்டது. 1936 இல் பெஞ்சமின், இயந்திர மறுவாக்கம் கலையின் வழிபாட்டு ஒளிவட்டத்தைக் கலைத்து அதனை மக்களிடம் சேர்க்கின்றது எனக் கருதினார். இருவரும் ஐரோப்பிய நகரத்தை மனத்திற்கொண்டே எழுதினர். வன்னிக் கிராமத்தில் இரு கூற்றுகளும் அப்படியே பொருந்தா. இங்கு கேட்டவர் தனித்த நுகர்வோரல்லர். எனவே அடோர்னோவின் முடிவு முழுமையாக நிற்காது. மறுபுறம், இங்கு இயந்திரக் குரல் ஒலித்த இடமே வழிபாட்டிடம்; ஒளிவட்டம் கலைந்ததெனல் எளிதன்று. 1969 இல் அடோர்னோ நீண்டநேர இசைத்தட்டுப் பற்றி எழுதியபோது, மேடையலங்காரத்திலிருந்து விடுபட்ட இசைநாடகம் தட்டிலேயே செறிவாகக் கேட்கப்படலாம் எனத் தமது கருத்தை ஓரளவு தளர்த்திக்கொண்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

திரைப்பட அரங்கில்தான் தமிழர் யாவரும் முதன்முதல் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர் எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டினார். ஒலிபெருக்கிக்குக் கூரையும் இல்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், மதிலுக்கு உள்ளும் வெளியும் நின்றோர் ஒரே சொல்லை ஒரே கணத்தில் கேட்டனர் என்பது சிறிய செய்தியன்று. ஆயின் ஒலி கடந்த மதிலைக் கால்கள் கடக்க வேறொரு போராட்டம் வேண்டியிருந்தது என்பதையும் உடன் கூறல் வேண்டும். கூட்டுக் கேட்டல் சமத்துவத்தின் சாயலைத் தந்தது, சமத்துவத்தைத் தரவில்லை.

5

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றில், நந்திக்கடலோரம் அமைந்துள்ள வற்றாப்பளை கண்ணகியம்மன் கோயில் வன்னி மக்களின் வழிபாட்டு வாழ்வில் தனியிடம் பெற்றது. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து தங்கிய இடங்களுள் பத்தாவது இதுவென்றும், ‘பத்தாப்பளை’ என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஐதிகம் கூறும். வைகாசிப் பொங்கலுக்கென முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் உப்புநீரில் விளக்கெரிக்கும் சடங்கும், முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்துடனான தொடர்பும், கடல்சார்ந்த மக்களையும் வயல்சார்ந்த மக்களையும் ஒரே சடங்கு வட்டத்துள் இணைக்கின்றன. மழை, விளைச்சல், நோய்நீக்கம் ஆகிய உற்பத்தி வாழ்வின் தேவைகளே இவ்வழிபாட்டின் அடித்தளம்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலரின் சைவச் சீர்திருத்தம் கண்ணகி வழிபாட்டை ஆகமநெறிக்குப் புறம்பானதென மறுத்தது. அங்கு கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களை ஏற்றன. வன்னியும் மட்டக்களப்பும் கண்ணகியைக் கைவிடவில்லை. உயர்சாதிச் சைவக் கருத்தியலின் ஆதிக்கம் எங்கு தளர்ந்திருந்ததோ அங்கு இவ்வழிபாடு நிலைத்தது எனலாம். அதனோடு கண்ணகி கதை கூறும் பாடல்மரபும், முல்லைமோடி எனப்படும் ஆட்டமரபிற் கோவலன் கூத்தும் நிலைத்தன.

இம்மரபுகளின் மையம் எது? சிலப்பதிகாரத்தின் இருபதாவது காதை ‘வழக்குரை காதை’. மட்டக்களப்பு மரபு தன் நூலையே ‘கண்ணகி வழக்குரை’ என வழங்கிற்று. கணவனை இழந்த பெண்ணொருத்தி, அரசவையில் நின்று, அரசின் குற்றத்தை அரசின்முன் நிறுவுகிறாள். வாயிற் சொல்லும் கையிற் சிலம்பும் அவளது சான்றுகள். இக்கதை கேட்டுப் பழகிய சமூகத்திற்குத்தான் திரைப்பட வசன இசைத்தட்டு வந்துசேர்ந்தது. ‘பராசக்தி’யின் நீதிமன்றமும், கருணாநிதி வசனத்தில் பி. நீலகண்டன் இயக்கிய ‘பூம்புகார்’ (1964) படத்தின் மதுரை அவையும் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிரா. வழக்குரைத்தல் என்ற பழைய கேட்டல் வடிவமே புதிய தட்டுக்கு அவர்களது செவியைத் தயார்செய்திருந்தது. திரைப்பட ஒலி வெளியிலிருந்து வந்து நாட்டார் மரபை அழித்தது என்ற வழக்கமான முறைப்பாடு இவ்வுறவினைக் காணத் தவறுகின்றது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கூத்தின் கண்ணகியை ஆடுபவர் ஊரவர், அண்ணாவியாரும் ஊரவர், தவறினால் திருத்துபவரும் ஊரவர். கலையின் உற்பத்தியும் நுகர்வும் ஒரே சமூகத்துள் நிகழ்ந்தன. தட்டின் கண்ணகி எங்கோ பேசி முடித்தவள். அவளது சொல்லை ஊர் மாற்ற முடியாது. மீண்டும் கேட்க மட்டுமே முடியும். மேலும், சடங்கின் கண்ணகி குளிர்த்தி வேண்டப்படும் தெய்வம். அவளது கோபம் ஊரின் விளைச்சலோடு தொடர்புடையது. ‘பூம்புகா’ரின் கண்ணகி கற்பின் சின்னம், தமிழ்ப் பெருமிதத்தின் குரல். பெண்ணின் சினத்தைக் கற்பென்ற ஒரே பண்பாகக் குறுக்கியதில் திராவிட இயக்கத் திரைப்படத்தின் கருத்தியல் எல்லை வெளிப்படுகின்றது.

இங்கு நாம் நம்மையும் குற்றக்கூண்டில் நிறுத்த வேண்டியவராகின்றோம். 1960களின் முற்பகுதியில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் மரபுப் போராட்டத்தை நடத்தி, உழைக்கும் மக்களின் பேச்சுவழக்கு இலக்கியத்தில் இடம்பெறல் வேண்டுமென வாதிட்டு வென்றனர். அது வரலாற்றுச் சிறப்புடைய வெற்றி. ஆனால் அதே ஆண்டுகளில், எந்த உழைக்கும் மக்களின் பேச்சுக்காக அவர்கள் வாதிட்டனரோ அம்மக்கள், ஒலிபெருக்கியில் அடுக்குமொழி வசனத்தைக் கேட்டு இன்புற்று, அதனைத் தம் நாவிலும் ஏற்றிக்கொண்டிருந்தனர். இதனை நச்சுக்கலை என ஒரு சொல்லில் ஒதுக்கியதன்றி, மக்கள் ஏன் அதனை விரும்பினர் என நமது விமர்சனம் கேட்கவில்லை. தம்மைப் போலவே பேசும் பாத்திரத்தை மட்டுமன்றி, தம்மால் அதிகாரத்தின்முன் பேச இயலாததைப் பேசும் பாத்திரத்தையும் ஒடுக்கப்பட்டோர் நாடுகின்றனர். யதார்த்தவாதம் முதலாவதைத் தந்தது. இரண்டாவதைத் தட்டு தந்தது. இவ்வுண்மையைக் காணாத முற்போக்கு விமர்சனம், மக்களுக்காகப் பேசிற்றேயன்றி மக்களின் செவியோடு பேசவில்லை.

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் இவ்விடத்தை நிரப்பியிருத்தல் கூடுமா? 1962 இன் ‘சமுதாயம்’ தொடக்கம், வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977) வரை முயற்சிகள் நிகழ்ந்தன. ‘குத்துவிளக்கு’க்கு இசையமைத்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையிலும் பெயர் பெற்றவர். ஆயினும் தென்னிந்தியப் படங்களின் சந்தைப் பலத்திற்கு முன் இப்படங்கள் நிலைபெறவில்லை. சிறிய சந்தையில் வசன இசைத்தட்டு என்ற ஆடம்பரத்திற்கு இடமில்லை. இதனால் வன்னியின் செவியில் நிலைத்த நீதிமன்றக் குரல் எப்போதும் சென்னையின் குரலாகவே இருந்தது.

6

1970களின் பிற்பகுதியிலிருந்து ஒலிநாடா இசைத்தட்டின் இடத்தைப் பற்றிற்று. ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் ஒலிநாடாவாகப் பெருவிற்பனை பெற்றது. ஏமாற்றப்பட்ட பெண் நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் அக்கதையில் வழக்குரை வடிவம் மீண்டும் தோன்றியமை தற்செயலன்று. 1979 இலும் 1982 இலும் இலங்கையில் தொலைக்காட்சி சேவைகள் தொடங்கியபின் கேட்டல் மெல்லமெல்லக் காண்டலுக்கு இடம்விட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்கலமும் எரிபொருளும் அரிதாக, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில், சென்ற வழியெல்லாம் உடைமைகள் கைவிடப்பட்டன. உயிரே எஞ்சாத இடத்தில் தட்டுப்பெட்டி எஞ்சுமோ?

இன்று வைனில் தட்டு மீண்டும் விலைபெறுகின்றது. 2020 இல் ஐக்கிய அமெரிக்காவில் வைனில் விற்பனையின் வருமானம், 1980களுக்குப் பின் முதன்முறையாக, இறுவட்டின் வருமானத்தை விஞ்சிற்று. பழைய தமிழ்த் திரைப்படத் தட்டுகளும் சேகரிப்போர் சந்தையில் கைமாறுகின்றன. அச்சந்தையின் மதிப்பீடு எளியது: கீறலில்லாத தட்டு உயர்ந்தது, உறை கிழியாதது மேலும் உயர்ந்தது. கேட்கப்படாத தட்டே மிக உயர்ந்த தட்டு எனும் முடிவுக்கு இம்மதிப்பீடு இட்டுச்செல்கின்றது. பயன்மதிப்பை முற்றாக விழுங்கிய பரிமாற்றமதிப்பின் தூய வடிவம் இது.

சமூக வரலாற்றாசிரியனுக்கு மதிப்பீடு தலைகீழானது. தேய்ந்த தட்டே அவனுக்கு ஆவணம். எந்தப் பள்ளம் மிகுதியாகத் தேய்ந்துள்ளதோ அங்குதான் ஊர் மீண்டும் மீண்டும் செவிசாய்த்தது. நக்கீரரின் மறுப்பு நரைத்துப்போன ஒலியாகக் கேட்குமாயின், அந்நரைப்பில் நூற்றுக்கணக்கான மாலைப்பொழுதுகள் படிந்துள்ளன. ஆகவே எஞ்சிய தட்டுகளைத் தேடுவதோடு, அவற்றின் தேய்வையும் பதிவுசெய்தல் வேண்டும். தட்டுகள் அழிந்த வன்னியில் அவற்றைக் கேட்டோரின் நினைவே எஞ்சிய தட்டு. ஒலிபெருக்கித் தொழில் செய்தோர், கூத்தாடியோர், திருவிழாவில் கேட்டுநின்ற மூதாட்டியர் ஆகியோரிடமிருந்து எது ஒலித்தது, எது மீண்டும் கேட்கப்பட்டது, எது மனனமாயிற்று என்பவற்றைத் திரட்டும் பணி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்போதே மேற்கொள்ளத்தக்கது. அத்தலைமுறை கழிந்தபின் இதனைச் செய்தல் இயலாது.

இப்பணி பழமையின் மீதான ஏக்கத்திலிருந்து எழுவதன்று. 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து அரசிடம் கேள்வி கேட்டுவந்துள்ளனர். அவர்கள் கையில் சிலம்பில்லை, நிழற்படம் உண்டு. அவர்களுக்கு வசனம் எழுதிக்கொடுப்போர் இலர். அவர்களது சொல்லைக் கேட்டுத் தலைகுனியும் அவையும் இல்லை. சரியான சொல் உரைக்கப்பட்டால் நீதி கிட்டும் என்ற வசன இசைத்தட்டின் வாக்குறுதி, வற்றாப்பளையிலிருந்து கூப்பிடுதொலைவில் பொய்த்துக் கிடக்கின்றது. ஆயினும் வழக்குரைக்கும் வழக்கம் பொய்க்கவில்லை. அவ்வழக்கத்தைக் கோயிலும் கூத்தும் ஒலிபெருக்கியும் தலைமுறைகளாகப் பேணி வந்தன எனின், அவற்றின் வரலாறு இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியே. அதனை எழுதுதல் நம் கடனாகும்.